காஜா மைதீன் பெயருக்கு முன்னால்

ஜூலை 3, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. தகரத்தில் ஓர் ஓட்டை, அடியில் வாளி. குழாயில் தண்ணீர் ஐந்தரைக்கு வந்து ஆறு மணிக்கு நின்றது. நான்கு குடம்.

பேசினால் எழுதிக்கொள்கிற வழி இந்தப் போனில் இருக்கிறது. மகன் உல்லாஸ்நகரிலிருந்து வந்தபோது காட்டிக் கொடுத்தான். ஊர்ப் பேச்சில் சொன்னால் கன்னாபின்னா என்று எழுதுகிறதாம். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி சொன்னால் ஒழுங்காக எழுதுமாம். சரி, செய்தி வாசிக்கிறேன். எழுதியதைப் படிக்க எனக்குத் தெரியாது. எண் தெரியும், எழுத்து தெரியாது. அமுக்கினால் அதுவே வாசித்துக் காட்டுகிறது.

என் சம்சாரம் பார்வதி அடுப்படியிலிருந்து: "யார்ட்ட பேசுதிய?"

"போன்ட்ட."

"அதுவாச்சும் கேக்குதா."

ரஹ்மத் வீட்டுக்குப் போனேன். இரண்டு சந்து தள்ளி. மகள் சபீனாவுக்கு நிக்காஹ், இருபதாம் தேதி ஞாயிறு. அதில் ஒரு சிக்கல்.

ஜமாஅத் கல்யாணப் புத்தகத்தில் பெண்ணின் தகப்பன் பெயர் எழுத வேண்டும். தகப்பன் காஜா மைதீன். இறந்தவர் என்றால் பெயருக்கு முன்னால் மர்ஹூம் என்று போடுவது அவர்கள் வழக்கம். செக்ரட்டரி போட மாட்டேன் என்கிறார். சாவுக்குத் தாள் எங்கே என்று கேட்கிறார். தாள் இல்லை.

காஜா செத்தது ஆப்கானிஸ்தானில். பதினைந்து வருடம் ஆகிறது. அந்நியப் பட்டாளத்தின் முகாமில் அவனும் நானும் சலவை வேலை. விசா துபாய்க்கு. துபாயில் இறங்கி வேறு விமானம் ஏற்றினார்கள். சர்க்கார் கணக்கில் நாங்கள் அந்த நாட்டுக்குப் போகவே இல்லை. போகாத இடத்தில் செத்தவனுக்கு யார் தாள் கொடுப்பார்கள்.

சபீனா அம்மாவுக்கு முன்னாலேயே சொன்னாள்: "வாப்பா பேருக்கு முன்னாடி மர்ஹூம் போடலைன்னா நான் சைன் பண்ண மாட்டேன். மாப்பிள்ளை வீட்ல கேட்டா கேக்கட்டும். ஓடிப்போனவரோட மகள்னு எழுதிக்கிட்டு எனக்கு ஷாதி வேண்டாம்."

செம்பூரில் துணிக்கடையில் நின்று நின்று பேச்சு நன்றாக வந்திருக்கிறது.

ரஹ்மத் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செக்ரட்டரி, அங்கே எங்களுக்கு சூப்பர்வைசராக இருந்த ஷாகுலுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாராம். கம்பெனித் தாள் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொல்லி. நாளை வருகிறான்.

நல்லது, வரட்டும் என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

மழை விட்டது. விடாமலே இருந்திருக்கலாம்.

ஷாகுல் வந்தான். கோபர்கைரனேயில் டிராவல்ஸ் வைத்திருக்கிறான். வெள்ளைச் சட்டை, அத்தர். பள்ளிவாசல் ஆபீஸ் அறை. நான், செக்ரட்டரி, அவன். பக்கத்து அறையில் திரைக்கு அந்தப் பக்கம் ரஹ்மத்தும் சபீனாவும்.

ஒரு தாள், பிளாஸ்டிக் உறையில். செக்ரட்டரி இங்கிலீஷில் படித்துவிட்டுத் தமிழில் சொன்னார்:

"காஜா மைதீன் வியாழக்கிழமை ராத்திரி தன் இஷ்டப்படி வேலையை விட்டுட்டு முகாமை விட்டு வெளியேறிட்டார். அதுக்குப் பிறகு நடந்த எதுக்கும் கம்பெனி பொறுப்பில்லை. இதை நேரில் பார்த்த சாட்சி, கூட வேலை பார்த்த இசக்கிமுத்து."

நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கீழே உங்க கைநாட்டு இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். நீல மை. இடது பெருவிரல், குறுக்கே வெட்டுத் தழும்பு. என்னுடையதுதான்.

திரைக்குப் பின்னாலிருந்து ரஹ்மத் குரல். "ஏண்ணே?"

அவ்வளவுதான் கேட்டாள்.

பதினைந்து வருடமாக அவளிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று. அவன் என் கண் முன்னால் செத்தான். இப்போது என் விரல் வேறு சொல்கிறது.

சோறு இறங்கவில்லை. பார்வதி ஏன் என்று கேட்டாள். சொன்னேன். "படிக்கத் தெரியாத மனுசனுக்கு விரல் மட்டும் எதுக்கு நீளுது" என்றாள். பிறகு மோரை ஊற்றி வைத்தாள்.

ஜூலை 5, சனி

இதைச் சொல்லி வைக்க வேண்டும். தாளைத்தானே நம்புகிறார்கள். என் தலையில் இருப்பதும் ஒரு தாளில் இருக்கட்டும்.

சலவைக் கூடம் பெரிய தகரக் கொட்டகை. இருபத்திரண்டு மிஷின். ஆளுக்கொரு வலைப் பை, பையில் எண். பையைத் திறக்காமலே துவைக்க வேண்டும், திறக்காமலே உலர்த்த வேண்டும். எட்டு நாட்டுப் பட்டாளத்து உடுப்பு. பச்சை, மண் நிறம், புள்ளி போட்டது, கட்டம் போட்டது. துவைத்தால் எல்லாவற்றிலிருந்தும் ஒரே கலங்கல்தான் இறங்கும்.

சில பையில் ரத்தம் இருக்கும். ரத்தத்துக்குச் சுடுதண்ணீர் ஆகாது. முதலில் பச்சைத் தண்ணீர்.

எழுத்து தெரியாததால் எனக்கு எண்ணும் முடிச்சும்தான். ஒவ்வொருவனும் பையை ஒரு விதமாக முடிவான். முடிச்சைப் பார்த்தே ஆளைச் சொல்வேன். காஜா சிரிப்பான். சொன்ன நாளில் ஒரு பையை யாரும் எடுக்க வராவிட்டால் எங்களுக்குத் தெரிந்துவிடும். நான்கு நாள் அலமாரியில் இருக்கும். ஐந்தாம் நாள் ஒரு சார்ஜெண்ட் வந்து வாங்கிப் போவார். முகாமில் செய்தி வருவதற்கு முன்னால் அலமாரியில் வந்துவிடும்.

மலையிலிருந்து ராக்கெட் வரும். சங்கு ஊதும். சிமெண்டுக் குழாய்க்குள் ஓட வேண்டும். காஜா கையில் எண்ணிக்கொண்டிருந்த பைகளை எண்ணி முடித்துவிட்டுத்தான் வருவான். ஒரு தரம் குழாய்க்குள் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு: "அண்ணாச்சி, இதுல போனோம்னா நான் சொர்க்கம், நீரு நரகம். ஆனா கவலைப்படாதீரும். அங்கன உள்ள துணியையும் துவைக்க ஆள் வேணும்லா, சிபாரிசு பண்ணுதேன்."

இப்போது அந்த வெள்ளிக்கிழமை.

காலை ஏழு மணிக்கு ஷிப்ட். காஜா நாலாவது மிஷின், நான் ஐந்தாவது. மத்தியானம் அவன் ஜும்மா தொழப் போனான். கன்டெய்னரில் பள்ளிவாசல். ஷாகுலும் கூடப் போனான். திரும்பி வந்ததும் ஷாகுல் சொன்னது: மலை அடிவாரத்தில் சின்ன முகாம் ஒன்று, துணி போய்ச் சேரவில்லை, டிரைவரோடு ஆள் வேண்டும், இரண்டு பேர் ஏறுங்கள். எங்களுக்கு வேலி தாண்டப் பாஸ் கிடையாது. காஜா கேட்டான். "வந்து பாத்துக்கலாம், ஏறு" என்றான் ஷாகுல்.

அறுபத்திரண்டு பை. முன் வண்டியில் காஜா, முப்பத்தொன்று. பின் வண்டியில் நான், முப்பத்தொன்று. முன்னும் பின்னும் பட்டாள வண்டி.

முன்னால் போன பட்டாள வண்டி தாண்டிவிட்டது. காஜா வண்டி ஏறியதும் எழும்பியது. முதலில் எழும்பியது, அப்புறம்தான் சத்தம் கேட்டது. பாதைக்கு அடியில் புதைத்தது. கனத்த வண்டிக்கு வைத்தார்களாம். சலவை வண்டிக்கு யார் வைப்பார்கள்.

எங்களை இறங்க விடவில்லை. ஒரு மணி நேரம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் துவைத்த உடுப்பெல்லாம் முள்செடி முழுக்கத் தொங்கியது. வண்டி எரிந்து அடங்கியது. பிறகு எங்களைத் திருப்பி அழைத்து வந்துவிட்டார்கள். காஜாவைக் குளிப்பாட்டவில்லை, அடக்கவில்லை. அடக்க ஒன்றும் மிஞ்சவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

மூன்றாம் நாள் ஷாகுல் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தான். காஜாவின் சாமான். ஊருக்குப் போகும்போது அவன் சம்சாரத்திடம் கொடுத்துவிடுங்கள், வாங்கிக்கொண்டதற்கு இதில் ஒரு கைநாட்டு என்றான். வைத்தேன்.

பெட்டியில்: கைலி மூன்று. தொப்பி ஒன்று. ஸ்வெட்டர். கோடாலித் தைலம். சபீனாவுக்கு வாங்கிய பாடுகிற பொம்மை, பேட்டரி தீர்ந்தது. பாதாம் அரைக்கிலோ. பல் துலக்குகிற குச்சி.

ஒன்று விடாமல் ரஹ்மத்திடம் கொடுத்தேன். அந்தத் தாளில் பெட்டியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று பதினைந்து வருடம் நினைத்திருந்தேன். யாரிடமாவது படித்துக் காட்டச் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் படிக்கத் தெரிந்தவன் ஷாகுல் ஒருவன்தான்.

ஜூலை 6, ஞாயிறு

வெயில். பாயை வெளியே போட்டோம். பத்து நிமிடத்தில் தூறல். பாய் உள்ளே.

சபீனா வந்தாள். தனியாக. பார்வதி டீ போட்டாள்.

"மாமா, அது உங்க அங்கூட்டா இல்லைன்னு சொல்லிடுங்க. கதம். பதினஞ்சு வருஷம் முன்னாடி வச்சது, யாரு செக் பண்ணப் போறா?"

"என் விரல்தான் அது."

"எனக்குத் தெரியும். உம்மாவுக்கும் தெரியும். செக்ரட்டரிக்குத் தெரியாதுல்ல?"

முடியாது என்றேன். கோபம் வந்துவிட்டது அவளுக்கு. எனக்கு உங்க நேர்மை வேண்டாம் மாமா, வாப்பா வேணும் என்றாள்.

நான் சொன்னது இது: "ஷாகுலு பொய்யாத் தாள் எழுதுனான். நானும் பொய் சொன்னா அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நாளைக்கு அவன் மை வச்சுப் பாக்கச் சொன்னா, உங்க வாப்பா செத்ததும் பொய்யாப் போயிரும். விரலு என்னுது. எழுத்து அவனுது. ரெண்டையும் சபையில சொல்லுவேன்."

டீயைக் குடிக்காமல் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து குடையை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது: "புதன்கிழமை சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் மீட்டிங். சொல்றதைச் சத்தமாச் சொல்லுங்க, திரைக்கு இந்தப் பக்கம் கேக்கணும்."

மாலையில் டீக்கடை. டிவியில் அந்த ஊர்தான். பட்டாளங்களெல்லாம் கிளம்பிப்போய் வருடங்கள் ஆகிவிட்டன. மலையில் இருந்தவர்கள் இப்போது அரண்மனையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெயித்தது யார் என்று தகராறு. கடைக்காரர் என்னைக் காட்டி, "இவரைக் கேளுங்க, வெள்ளைக்காரன் ஜட்டி துவைச்சவரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"இருபது வருசம் சண்டை போட்டானுவ. நான் இருந்த நாலு வருசத்துல முகாம் வேலி ஒரு சாண் நவுரலை" என்றேன். "ஜட்டி மட்டும்தான் வெள்ளையாச்சு."

அதற்கும் சிரித்தார்கள்.

ஜூலை 7, திங்கள்

ரேஷன்: அரிசி வந்தது, சர்க்கரை வரவில்லை. விரல் மிஷின் என் விரலை எடுக்கவில்லை. நான்கு தரம் துடைத்து வைத்தேன். தேய்ந்துவிட்டது தாத்தா என்றான் கடைக்காரன்.

பதினோரு மணிக்கு ஷாகுல் போன். தேன் மாதிரிக் குரல்.

"அண்ணாச்சி, உடம்பு எப்படி இருக்கு? பழசையெல்லாம் எதுக்குக் கிளறணும்? உங்களுக்கும் வயசாயிட்டு, எழுபதுக்கு மேல ஞாபகம் முன்னப் பின்ன இருக்கும். சரியா நினைவில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துருங்க. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

"ஞாபகமா" என்றேன். "அன்னைக்கு நீரு போட்டிருந்தது ஊதாச் சட்டை. மூணாவது பொத்தான் கிடையாது, ஊக்கு குத்தியிருந்தீரு. வண்டி நம்பர் கடைசி ரெண்டும் நாலு ஏழு. டிரைவருக்கு இடது காது மடல் கிடையாது. இன்னும் வேணுமா?"

பிறகு குரல் மாறியது. "துபாய் விசாவுல அங்க போனது நீங்களும்தான். கேஸ் கீஸ்னு வந்தா உங்களையும் கேப்பாங்க."

"கேக்கட்டும். உள்ள போட்டா சோறு போடுவான்லா. பார்வதிக்கு ஒரு வேலை மிச்சம்."

வைத்துவிட்டான்.

பயம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் இருந்தது.

பார்வதி அடுப்படியிலிருந்தே கேட்டிருக்கிறாள். "எனக்கு என்ன வேலை மிச்சம்? ஜெயிலுக்கு யாரு மோர் கொண்டுவருவா?"

ஜூலை 9, புதன்

சபை முடிந்து இப்போதுதான் வந்தேன். சொல்லிவிட்டுத்தான் காலை நீட்ட வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் ஹஜ்ரத், பள்ளிவாசல் இமாம். மெலிந்த ஆள், இருமல். செக்ரட்டரி. ஷாகுல். ஓரத்தில் நான், வெளி ஆள். பக்கத்து அறையில் திரை.

எழுந்து நின்றேன். சத்தமாகவே சொன்னேன். கைநாட்டு என்னுது. படிக்கத் தெரியாமல் வைத்தேன், அது என் தப்பு. வியாழன் ராத்திரி அவன் போகவில்லை. வெள்ளிக்கிழமை நாலாவது மிஷினில் நின்றான். ஜும்மாவுக்கு இந்த ஷாகுலோடு போனான். இவர்தான் பாஸ் இல்லாமல் வண்டியில் ஏற்றினார். ஏற்றியது வெளியே தெரிந்தால் இவர் வேலை போகும். அதனால் உயிரோடு இருந்தவனைத் தாளில் ஒரு நாள் முன்னாலேயே வெளியே அனுப்பிவிட்டார். முள்ளில் தொங்கிய உடுப்பு வரைக்கும் எல்லாம் சொன்னேன்.

ஷாகுல்: "எனக்கு ஞாபகம் இல்லை. கம்பெனி என்ன எழுதச் சொல்லிச்சோ அதை எழுதினேன்."

செக்ரட்டரி நல்ல மனிதர்தான், ஆனால் தாள் மனிதர். "அண்ணாச்சி சொல்றது நெஜமாவே இருக்கலாம். சாட்சி ஒருத்தர். அவரே கைநாட்டும் வச்சிருக்கார். நாங்க எதைப் புத்தகத்துல ஏத்துறது?"

ஒரு தாடிக்காரர், பேக் தைக்கிற பட்டறை வைத்திருப்பவர்: "இன்னொண்ணு. அவர் யார் பக்கம் நின்னாரு அங்க? நம்ம ஆளுங்க மேல குண்டு போட்டவன் முகாம்ல சோறு தின்னவரு. அவருக்கு இங்க மர்ஹூமா?"

என் வாய்க்கு வந்ததைச் சொல்வதற்குள் திரைக்குப் பின்னால் ரஹ்மத். அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அவுக யார் பக்கமும் நிக்கலை. மிஷின் பக்கம் நின்னாக. உங்க பட்டறையில செய்யுத பையை யாரு வாங்குதான்னு கேட்டா விக்கிய?"

யாரோ இருமினார்கள். ஹஜ்ரத் இல்லை.

அப்புறம் இறந்தவர்களுக்கான ஜனாஸா தொழுகையைக் கேட்டாள்: "ஹஜ்ரத், எனக்குப் புத்தகம் வேண்டாம். மையித்து இல்லாமலும் ஜனாஸா தொழலாம்னு நீங்கதான் பயான்ல சொன்னிய. தூரத்துல மௌத்தானவுகளுக்கு. எங்க வீட்டுக்காரவுகளுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் தொழலை. நாலு தரம் கையைத் தூக்கி தக்பீர், அவ்வளவுதான். அதுக்குக் கம்பெனித் தாள் வேணுமா?"

ஹஜ்ரத் நிமிர்ந்தார். தாடியைத் தடவிக்கொண்டார். ஷாகுல் பக்கம் திரும்பினார்.

"தொழுகைக்குத் தாள் வேண்டாம். ஆனா உயிரோட இருக்கிறவருக்கு நான் ஜனாஸா தொழ வச்சா அந்தப் பாவம் எனக்கு. அதனால உங்களைக் கேக்குறேன் ஷாகுல் பாய். காஜா மைதீன் உயிரோட இருக்காருன்னு நீங்க சொல்றீங்களா? சொன்னா நான் தொழ வைக்கலை."

ஷாகுல் தாளைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"உயிரோட இருக்கார்னு நான் எப்படி சொல்ல முடியும்."

"அப்போ தடுக்கலை?"

"தடுக்கலை."

"வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு" என்றார் ஹஜ்ரத். உடல் இல்லாமல் தொழுவதற்குக் காயிப் ஜனாஸா என்று பெயராம்.

செக்ரட்டரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்போ புத்தகத்துல?" என்றார்.

"நம்ம பள்ளியில ஜனாஸா தொழுதுட்டு நம்ம புத்தகத்துல மர்ஹூம்னு போடாம வேற என்ன போடுவீங்க செக்ரட்டரி?"

பேனாவை மூடிவிட்டார்.

எழுந்து வரும்போது ரஹ்மத் ஹஜ்ரத்திடம் கேட்டது காதில் விழுந்தது. நான் இத்தா இருக்கவே இல்லையே ஹஜ்ரத், இப்போ இருக்கணுமா என்று. புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருப்பது. அவர் சொன்னார், மௌத்தான நாளிலிருந்து கணக்கு, அது என்றைக்கோ கழிந்துவிட்டதம்மா.

"எனக்குத் தெரியாமலே கழிஞ்சுட்டு" என்றாள்.

ஜூலை 10, வியாழன்

மழை. கால் வீக்கம். பார்வதி உப்புத் தண்ணீர் வைத்தாள்.

பேக் பட்டறைக்காரர் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஜும்மா முடிந்ததும் எழுந்து போய்விடுவோம் என்று சொல்லித் திரிகிறாராம். போகட்டும். ஷாகுலும் வருவான் என்கிறார்கள். வராவிட்டால் சபையில் தலைகுனிவாம் அவனுக்கு.

சபீனா போன் செய்தாள். "மாமா, நாளைக்கு வருவீங்கல்ல?"

"எனக்கு உள்ள என்ன வேலை?"

"வெளியவாச்சும் நில்லுங்க."

சரி என்றேன். டீ குடிக்காமல் போனதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

தூறல்தான். பன்னிரண்டரைக்கே போய்விட்டேன். வாசல் படி ஓரம், செருப்பெல்லாம் கழற்றிப் போடுகிற இடம். எதிர்ச் சாரியில் கடை நிழலில் ரஹ்மத், சபீனா, இன்னும் ஆறேழு பெண்கள்.

ஜும்மா முடிந்தது. மைக்கில் செக்ரட்டரி குரல்தான்.

"மர்ஹூம் காஜா மைதீன் அவர்களுக்கு காயிப் ஜனாஸா தொழுகை. எல்லாரும் இருந்து கலந்துக்கணும்."

எதிரே பார்த்தேன். ரஹ்மத் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சபீனா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நிமிர்ந்து.

பட்டறைக்காரரும் மூன்று பேரும் வெளியே வந்தார்கள். என்னைத் தாண்டிப் போனார்கள். நாலு பேர். உள்ளே இருந்தவர்கள் இருநூறுக்குக் குறையாது.

அவர்களுக்குப் பின்னால் ஷாகுல். வெள்ளைச் சட்டை. குனிந்து செருப்பைத் தேடினான். எடுத்தான். நிமிர்ந்தால் நான்.

"வழி விடுங்க அண்ணாச்சி."

"நான் மறிக்கலையே. பாதை அந்தால இருக்கு."

இருந்தது. போயிருக்கலாம். போகவில்லை.

"இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் வே. அன்னைக்கு ஜும்மாவுக்கு அவன் பக்கத்துல நின்னவரு நீரு. இன்னைக்கும் நின்னுட்டுப் போரும்."

எதிர்ச் சாரியில் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வரிசை கட்டினார்கள். கடைசி வரிசையில், வாசல் பக்கத்து ஓரத்தில், ஓர் ஆள் நிற்க இடம்.

ஷாகுல் செருப்பைக் கீழே போட்டான். காலால் தள்ளினான். உள்ளே போனான். அந்த இடத்தில் நின்றான்.

அவர்கள் தொழுகை எனக்குத் தெரியாது. இதில் குனிகிறதும் இல்லை, தரையில் தலை வைக்கிறதும் இல்லை. நின்றபடியே. எண்ணத் தெரியும், எண்ணினேன். ஒன்று. கை தூக்கினான். இரண்டு. தூக்கினான். மூன்றாவதுக்குத் தோள் குலுங்கியது. நான்கு.

முதலில் வலது பக்கம் முகத்தைத் திருப்பினார்கள். பிறகு இடது பக்கம். இடது பக்கம் வாசல். ஷாகுல் திரும்பியபோது நான் நின்றிருந்தேன். அவன்தான் முதலில் கண்ணை எடுத்தான்.